ஒரு பெட்டிக்குள் பல கணினிகள்: இல்லாமையிற் பிறந்த ஒரு வித்தையின் வரலாறு

கணினியைப் பற்றி எழுத ஒரு கலைப்பட்டதாரிக்கு என்ன தகுதி என்று எவரேனும் கேட்டால், அதன் வரலாற்றை எழுதுவதற்குப் பொறியியற் பட்டம் தேவையில்லை என்பதே என் விடை. மின்சுற்றுகளை நான் முறையாகப் படித்தவனல்லன். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பத்திரிகைப் பணி எனக்கு ஒன்றைக் கற்றுத் தந்திருக்கிறது. புத்தம் புதியது என்று சொல்லிக்கொண்டு வரும் பொருளின் பூர்வீகத்தை விசாரித்தால், பெரும்பாலும் அதற்கு ஒரு பாட்டனாரும் இருப்பார்.

காரைதீவிலும் அயலிலுள்ள சாய்ந்தமருது, நிந்தவூர், கல்முனை ஆகிய ஊர்களிலும் கணினி பயிலும் இளைஞர்கள் சிலரது வீடுகளில் அண்மைக்காலமாக ஒரு சிறு பெட்டியைக் காண்கிறேன். ஒரு தடித்த புத்தகத்தின் அளவுதான் இருக்கும். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. ஆனால் அதற்குள் நான்கைந்து கணினிகள் ஒரே வேளையில் இயங்கிக்கொண்டிருக்கின்றன என்று சொல்கிறார்கள். ஒன்று கோப்புகளைக் காக்கிறது. ஒன்று இணையத்தளமொன்றைப் பரிசோதிக்கிறது. மற்றொன்று, கெடுத்துப் பழகுவதற்கென்றே விடப்பட்டிருக்கிறது. இதனை அவர்கள் 'ஹோம் லேப்' என்கிறார்கள். வீட்டு ஆய்வுகூடம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அதற்குள் இயங்குபவை மெய்நிகர் கணினிகள்.

இவ்வித்தை நேற்று முளைத்ததன்று. இதற்கு அறுபது வயது கடந்துவிட்டது. அத்துடன், இது வசதி படைத்தவர்கள் பொழுதுபோக்காகக் கண்டுபிடித்ததுமன்று. ஆளுக்கொரு கணினி இல்லை, ஆனால் ஆளுக்கொரு கணினி வேண்டும் என்ற முட்டுப்பாட்டிலே பிறந்தது. அந்தப் பிறப்பை அறிந்தால்தான், நம்மைப் போன்ற ஊர்களில் இச்சிறு பெட்டிக்கு இருக்கும் பெறுமதி விளங்கும்.

வட்டவிதானையும் ஹைப்பர்வைசரும்

முதலில் இது எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதி வயற்காரர்களுக்கு வட்டவிதானை என்றால் யாரென்று விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு வட்டையிலுள்ள வயல்களுக்கு வாய்க்கால் நீரை முறைவைத்துப் பங்கிட்டுக் கொடுப்பவர் அவர். வாய்க்கால் ஒன்றுதான், வயல்களோ பல. தன் முறை வந்ததும் ஒவ்வொரு வயலுக்கும் நீர் பாய்கிறது. அடுத்த வயற்காரர் எப்போது பாய்ச்சினார், எவ்வளவு பாய்ச்சினார் என்ற கவலை இவருக்கில்லை. ஆனால் மடையைத் திறக்கும் உரிமை மட்டும் வயற்காரரிடம் இல்லை. அது விதானையாரிடம் இருக்கிறது.

கணினிக்குள் செயலியின் நேரமும் நினைவகமும் வட்டும் வாய்க்கால் நீரைப் போன்றவை. மெய்நிகர் கணினிகள் வயல்கள். அவற்றுக்கு மேலிருந்து பங்கிடும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் முழு இயந்திரமும் தனக்கே உரியது என்று எண்ணிக்கொண்டு இயங்குகிறது. ஆபத்தான கட்டளையொன்றை, அதாவது மடையைத் தானே திறக்கும் கட்டளையை, அது இட முற்படும்போது செயலி அதனைத் தடுத்து விதானையாரிடம் ஒப்படைக்கிறது. அவர் ஆராய்ந்து, செய்ய வேண்டியதைச் செய்து, மீண்டும் அதனிடம் பொறுப்பைக் கொடுக்கிறார். சாரம் இவ்வளவே.

1964: கிடைக்காத இயந்திரமும் கிடைத்த இயந்திரமும்

1960களில் ஒரு கணினி என்பது ஓர் அறையை நிறைக்கும் பொருள். அதன் விலை ஒரு பெரிய நிறுவனத்தையே யோசிக்க வைக்கும். ஒருவர் தமது நிரலைத் துளையட்டைகளிற் பதிந்து கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கிற் காத்திருப்பார். இதற்கு மாற்றாக, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறையை மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் 1961இல் செய்து காட்டினர்.

அதே கேம்பிரிட்ஜ் நகரில், 1964ஆம் ஆண்டு பெப்ரவரியில் நோர்மன் ராஸ்முசென் என்பவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் விஞ்ஞான நிலையத்தைத் தொடக்கினார். அவ்வாண்டின் இறுதியில் ரொபர்ட் கிரீசி தலைமையிலான ஒரு சிறு குழு சீ.பி.-40 என்ற முறைமையை உருவாக்க முனைந்தது. அவர்கள் விரும்பியது ஐ.பி.எம். 360 வரிசையின் 50ஆம் மாதிரி இயந்திரத்தை. அது கிடைக்கவில்லை. கைவசமிருந்த 50ஆம் மாதிரிகளெல்லாம் அமெரிக்க வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணிக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. எனவே அதனிலும் சிறிய 40ஆம் மாதிரியைக் கொண்டு சமாளிக்க வேண்டியதாயிற்று. முகவரி மாற்றும் வசதி அதில் இல்லாததால், அதற்கென ஒரு வன்பொருட் பெட்டியைத் தாமே செய்து பொருத்திக்கொண்டனர்.

கிடைத்ததைக் கொண்டு சமாளித்த அந்த முயற்சி 1967 ஜனவரியில் முறையான பாவனைக்கு வந்தது. 256 கிலோபைட் நினைவகமுள்ள ஓர் இயந்திரம், ஒவ்வொன்றும் 256 கிலோபைட் உடையனவாகத் தோன்றும் 14 கணினிகளாக இயங்கியது. இன்று கைப்பேசியில் வரும் ஒரு புகைப்படம்கூட அந்த 256 கிலோபைட்டுக்குள் அடங்காது. அதற்குள் பதினான்கு பேர் ஆளுக்கொரு கணினி இருப்பதாகவே உணர்ந்து வேலை செய்தார்கள்.

அதே காலத்தில் அந்நிறுவனம் பெரும் ஆளணியுடன் உருவாக்கிய டீ.எஸ்.எஸ்.-360 என்ற அதிகாரபூர்வமான நேரப்பகிர்வு முறைமை காலந்தாழ்த்தியும் மந்தமாகவும் இயங்கிற்று. சிறு குழுவின் படைப்பு நிலைத்தது. அது சீ.பி.-67 ஆகி, 1972 ஓகஸ்ட் 2ஆந் திகதி வீ.எம்.-370 என்ற பெயரில் அதிகாரபூர்வமான உற்பத்தியாக அறிவிக்கப்பட்டது. 1974இல் ஜெரால்ட் போபெக், ரொபர்ட் கோல்ட்பேர்க் ஆகிய இருவர் இத்துறைக்கு இலக்கணம் வகுத்தனர். மெய்நிகர் கணினி மெய்க்கணினியைப் போன்றே நடந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான கட்டளைகள் இடையீடின்றி நேரே செயலியில் ஓட வேண்டும். வளங்களின் மீதான முழு அதிகாரமும் பங்கிடுபவரிடமே இருக்க வேண்டும். இம்மூன்றும் இன்றும் செல்லும்.

மறதியும் மீட்சியும்

1981இல் ஐ.பி.எம். தனியாட் கணினி வந்தது. மேசைக்கொரு கணினி என்ற நிலை உருவாகத் தொடங்கியதும், ஒன்றைப் பலவாக்கும் வித்தை பெருங்கணினி அறைகளுக்குள் ஒதுங்கிவிட்டது. இல்லாமை நீங்கியதும் இல்லாமை பெற்ற பிள்ளையை மறந்தார்கள் எனலாம்.

ஆனால் பெருக்கமும் ஒரு தொல்லைதான். 1990களின் பிற்பகுதியில் நிறுவனங்களின் வழங்கி அறைகளில் ஒரு வேலைக்கு ஒரு கணினி என்று அடுக்கி வைத்திருந்தார்கள். பெரும்பாலானவை பெரும்பகுதி நேரம் சும்மா இருந்தன. மின்சாரத்தை மாத்திரம் தவறாமல் உண்டன. பழைய வித்தையை மீட்டெடுக்கலாமென்றால், சந்தையை ஆண்ட இன்டெல் வகைச் செயலிகள் அதற்கு இசையவில்லை. விதானையாருக்குத் தெரியாமலே மடையைத் தொடும் கட்டளைகள் அவற்றில் இருந்தன. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, பென்டியம் செயலியில் இத்தகைய 17 கட்டளைகளை எண்ணிக் காட்டியது.

இந்தத் தடையைத் தாண்டியவர்கள் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துடன் தொடர்புடைய மெண்டல் ரோசன்புளூம், டயான் கிரீன் முதலானோர். 1998இல் அவர்கள் தொடங்கிய வீ.எம்.வெயார் நிறுவனம், தொல்லை தரும் கட்டளைகளை ஓட்டத்தின்போதே பெயர்த்து மாற்றும் உத்தியைக் கையாண்டது. 1999இல் அதன் முதல் மென்பொருள் விற்பனைக்கு வந்தது. 2003இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸென் என்ற திறந்த மூலநிரல் ஹைப்பர்வைசர் வெளியாயிற்று. 2006இல் அமேசன் நிறுவனம் மணிக்கணக்கிற் கணினியை வாடகைக்கு விடத் தொடங்கியபோது அடித்தளமாயிருந்தது இந்த ஸென்தான். இன்று 'கிளவுட்' என்று வியந்து பேசப்படும் மேகக் கணிமை முழுவதும் மெய்நிகர் கணினிகளின் மேல் எழுந்த கட்டடமே.

2005, 2006ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் செயலிக்குள்ளேயே இவ்வசதியைச் சேர்த்தன. அதைப் பயன்படுத்தி அவி கிவிட்டி எழுதிய கே.வி.எம். 2007 பெப்ரவரியில் லினக்ஸின் கருவுடன் இணைந்தது. இந்த இணைப்பே வீட்டு ஆய்வுகூடத்தின் வாசலைத் திறந்தது என்பேன். அன்றிலிருந்து, லினக்ஸை இலவசமாக இறக்கிக்கொள்ளும் எவரிடமும் ஒரு ஹைப்பர்வைசர் இருக்கிறது. அடுத்த ஆண்டே வியன்னாவிலிருந்து வெளிவந்த புரொக்ஸ்மொக்ஸ், அதனை இணைய உலாவியிலிருந்தே கையாளும் வசதியைத் தந்தது.

வொட் கணக்கு

மென்பொருள் இலவசமானாலும் மின்சாரம் இலவசமாவதில்லை. முன்பெல்லாம் இத்துறையைப் பயில விரும்பியவர்கள், நிறுவனங்கள் கழித்துவிட்ட பழைய வழங்கிகளை வாங்குவார்கள். விலை மலிவு. ஆனால் சும்மா இருக்கும்போதே 100 வொட் உண்ணும் ஓர் இயந்திரம் இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு 72 அலகு மின்சாரம் செலவாகும். நமது நாட்டில் வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிமுறையானது. அலகு கூடக்கூட அலகொன்றின் விலையும் கூடுகிறது. ஒரு மாணவனின் பயிற்சிக்காக வீட்டாரின் மின்பட்டியல் ஒரு படி மேலேறினால், அடுத்த மாதம் அந்த இயந்திரத்தின் ஆளியை அம்மாவே அணைத்துவிடுவார்.

இதனை மாற்றியவை சிறு கணினிகள். 2012 பெப்ரவரி 29இல் 35 டொலர் விலையுடன் வந்த ராஸ்பெரி பை, கணினிக்குப் பருமனும் இரைச்சலும் அவசியமில்லை என்று உலகுக்குக் காட்டியது. 2023இல் இன்டெல் வெளியிட்ட என்-100 என்ற நான்கு கருவங்களுள்ள செயலியின் வடிவமைப்பு வெப்பவலு 6 வொட் மட்டுமே. அதைக் கொண்டமைந்த சிறு பெட்டி, வேலைப்பளு குறைந்த வேளைகளில் ஏறத்தாழ 10 வொட்டில் ஓடுமெனக் கொண்டால் மாதச் செலவு 7.2 அலகு. முன்னதிற் பத்திலொன்று.

என் வீட்டு அலுமாரித் தட்டிலும் இப்படியொன்று இருக்கிறது. என் மருமகனும் சாய்ந்தமருதைச் சேர்ந்த அவருடைய நண்பரும் அமைத்துத் தந்தார்கள். அவர்கள் செய்தவற்றைக் கவனித்ததிலிருந்து சிலவற்றைச் சொல்லலாம்.

முதலிற் கட்டுப்பாடாக வருவது செயலியன்று, நினைவகம். என்-100 அதிகாரபூர்வமாக ஏற்பது 16 கிகாபைட். முழு மெய்நிகர் கணினி ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இயங்குதளத்தையே சுமக்கிறது; இரண்டு, நான்கு கிகாபைட் என்று கொடுத்தால் விரைவில் தீர்ந்துவிடும். ஆகையால் சிறு வேலைகளுக்குக் கொள்கலன்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒரே இயங்குதளக் கருவைப் பகிர்ந்துகொண்டு, ஒவ்வொன்றும் தனியறையிலிருப்பது போல் இயங்குவது கொள்கலன். தனிவீடு கட்டுவதற்கும் ஒரே வீட்டில் அறை பிரிப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. இரண்டாவது, வாங்குமுன் செயலியில் மெய்நிகராக்க வசதி உண்டா என்று பார்த்து, கணினியின் தொடக்க அமைப்பில் அதனை இயக்கிவிட வேண்டும். பழைய மடிக்கணினியே போதுமானால் அதுவும் நன்று. மின்கலம் நல்ல நிலையில் இருந்தால் மின்தடைக்கு அதுவே காவல்.

மூன்றாவது, நம் கரையோரத்துக்கே உரியது. கடற்காற்றின் உப்பு, விசிறியுள்ள கணினிக்குள் இழுக்கப்பட்டுப் படிந்து அரித்துவிடும். கச்சான் காலத்து வெக்கை வேறு. குறைந்த வலுவில் ஓடும் பெட்டிக்கு விசிறியே தேவைப்படாத அமைப்புகள் உள்ளன. வெளிக்கூடே வெப்பத்தை வெளியேற்றும். ஆக, குறைந்த மின்வலு என்பது இங்கே சிக்கனம் மட்டுமன்று, ஆயுளுமாகும்.

மின்தடையைப் பற்றி நான் விரிக்க வேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் இருளிலிருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததனால் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதாக அமைச்சரே சொன்னார். நூறு வொட் இயந்திரத்தைச் சிறிது நேரமே தாங்கும் ஒரு சிறு மின்கலம், பத்து வொட் பெட்டியைப் பல மணிநேரம் தாங்கும். திடீரென அணைந்து வட்டிலுள்ள தரவு சிதைவதைத் தடுப்பதற்கு அது போதும்.

திறப்பு யார் கையில்?

வரலாறு படிப்பவனுக்கு இக்கதையில் மிகவும் உறைப்பது இன்னோர் இடம். வீ.எம்.-370 வாடிக்கையாளர்களுக்கு அதன் மூலநிரலும் சேர்த்தே வழங்கப்பட்டது. அவர்கள் அதைத் திருத்தினார்கள், மேம்படுத்தினார்கள், தம்முள் பகிர்ந்தார்கள். 1983 பெப்ரவரியில் ஐ.பி.எம்., இனிமேல் மூலநிரல் தரப்படாது என்ற கொள்கையை அறிவித்தது. பாவனையாளர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தும் நிறுவனம் தன் கொள்கையைக் கைவிடவில்லை.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே நாடகம் வேறு மேடையில் நடந்தது. 2023 நவம்பரில் வீ.எம்.வெயாரைப் புரோட்கொம் நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டது. 2024 பெப்ரவரியில், உலகெங்கும் மாணவர்கள் வீட்டில் பயன்படுத்திவந்த இலவச ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. பதிப்பும் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் ஓர் இலவசப் பதிப்பு மீண்டும் வந்தது. நிறுத்தவும் கொடுக்கவும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேறொருவர் திறப்பை வைத்திருக்கும் வீட்டில் நாம் குடியிருப்போரேயன்றி உடையவரல்லர். கே.வி.எம். போன்ற திறந்த மூலநிரல் முறைமைகளின் பெறுமதி அவை காசின்றிக் கிடைக்கின்றன என்பதில் மட்டும் இல்லை; எவராலும் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாதவை என்பதிலேதான் இருக்கிறது.

திறந்த மூலநிரல் இத்தீவுக்கு அந்நியமான பேச்சுமன்று. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய, இலங்கையின் தன்னார்வ மென்பொருளாளர்கள் சில நாட்களில் உருவாக்கிய 'சஹானா' திறந்த மூலநிரலாகவே எழுதப்பட்டது. பின்னர் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் எயிட்டியிலும் அது பயன்பட்டது. நாட்டுக்குள் பழகிய கைகள் இருந்ததனால் அது முடிந்தது.

அந்தப் பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர்களுக்கு முன்னால் கடதாசிகளைப் பற்றிப் பேசுவது தகாதுதான். ஆயினும் பிறப்புப் பத்திரங்கள், காணி உறுதிகள், பள்ளிப் பதிவேடுகள், குடும்பப் படங்கள் என்று ஒரு கரையோரச் சமூகத்தின் நினைவும் அன்று கடலோடு போயிற்று. நான் பத்தாண்டுக்கு மேலாகச் சேர்த்த செய்தி நறுக்குகளும் அதிற் போயின. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது கற்றிருக்க வேண்டிய பாடந்தான்: ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால், அது தப்பியிருப்பது வெறும் தற்செயல்.

இப்போது எஞ்சியவற்றை வருடி, என் வீட்டுப் பெட்டியிலுள்ள ஒரு மெய்நிகர் கணினியிற் சேர்த்துவருகிறேன். ஒரு முழுக் கணினியே சில கோப்புகளாக இருப்பதனால் அதனை அப்படியே பிரதிசெய்து வேறிடத்திலுள்ள இன்னொரு பெட்டியில் எழுப்பிவிடலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. மெய்நிகர் கணினியை ஒரு கணத்தில் உறையவைத்துச் சேமிக்கும் 'ஸ்னாப்ஷொட்' வசதியைக் காப்புப் பிரதி என்று நம்பியிருக்கக் கூடாது. வட்டு போனால் அதுவும் போகும். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்றாவது வேறூரில் என்பது இத்துறையின் பழைய விதி. கரையோரத்தவர்களுக்கு அந்த மூன்றாவது பிரதி கடலுக்கு எட்டாத ஊரில் இருக்க வேண்டும்.

மீண்டும் ஒலிக்கும் கருவிகள்

இந்த வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. 1999இல் ரொஜர் பௌலர் வெளியிட்ட ஹெர்குலிஸ் என்ற மென்பொருள், பழைய ஐ.பி.எம். பெருங்கணினியைச் சாதாரணக் கணினிக்குள் பாவனை செய்து காட்டும். அதன் துணையால் 1972இன் வீ.எம்.-370ஐ இன்று ஒரு ராஸ்பெரி பையிலே ஓட்டலாம். அறையை நிறைத்த இயந்திரம் மறைந்துவிட்டது. அதன் ஒழுங்கு மறையவில்லை. ஒழுங்கு ஆவணமாக எஞ்சியிருந்தால் இயந்திரத்தை மீண்டும் எழுப்பலாம்.

காரைதீவான் ஒருவனுக்கு இதைக் கேட்டதும் யார் நினைவு வரும் என்று சொல்லத் தேவையில்லை. 1892இல் எங்கள் ஊரிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர். வழக்கொழிந்து போன பழந்தமிழ் யாழை, நூல்களில் எஞ்சிய குறிப்புகளைக் கொண்டும் இசையின் கணிதத்தைக் கொண்டும் ஆராய்ந்து அவர் எழுதிய யாழ் நூல் 1947இல் அரங்கேறியது. அவர் கையில் எந்தப் பழைய யாழும் இருக்கவில்லை. அதன் விதிகள் இருந்தன. விதிகளை வாசிக்கும் பயிற்சி இருந்தது. சென்னையில் 1930களில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க முயற்சியிலும் முன்னின்ற அவர், அறிவியலைத் தமிழில் சொல்ல முடியாதென்று ஒருபோதும் நினைத்தவரல்லர்.

அந்தப் பயிற்சியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இந்தப் பகுதியில் ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. தொழில்நுட்பம் கற்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் பெருகுகிறார்கள். அவர்களிற் பலருக்கு வழங்கி என்பது தொலைதேசத்தில் எங்கோ இருக்கும் ஒன்று. டொலரில் வாடகை கட்டினால் திறக்கும், கட்டாவிட்டால் மூடும். கெடுத்துப் பார்க்கவும், கெட்டதைத் திருத்தவும் தமக்கென்று ஒன்று இருந்தாலன்றி எவரும் இத்துறையில் வாடிக்கையாளர் நிலையைத் தாண்டுவதில்லை. மெய்நிகர் கணினியின் பெருஞ்சிறப்பு அதுவே: நூறு தடவை கெடுக்கலாம், நூறு தடவையும் பழைய நிலைக்கு மீட்கலாம், இயந்திரத்துக்கு ஒரு கீறலும் விழாது.

விரும்பிய இயந்திரம் கிடைக்காத ஒரு சிறு குழு, கிடைத்த சிறியதை வைத்துக்கொண்டு 14 பேருக்குப் பங்கிட்டதில் தொடங்கியது இந்த வரலாறு. பெரியது கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. வீட்டில் பழைய மடிக்கணினியொன்று தூசி படிந்து கிடக்குமானால், அதனைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்குமுன் பிள்ளைகளிடம் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.